நாவடங்கிய ஆசான்: இமாம் கஸ்ஸாலியின் வாழ்வும் எழுத்தும்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு இமாம் கஸ்ஸாலியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, நண்பர் ஒருவர், "கவிஞர்கள் கூடுமிடத்தில் கலாம் பேசுகிறவருக்கு என்ன வேலை?" என்று கேட்டார். கலாம் என்னும் சொல் அரபு மொழியில் இறையியல் வாதக் கலையைக் குறிக்கும். நம் பழந்தமிழிலோ பூசலைக் குறிக்கும். நண்பர் இரு பொருளையும் மனத்திற்கொண்டே கேட்டார் போலும். கேள்வியில் நியாயம் உண்டு. கஸ்ஸாலி கவிஞராக அறியப்பட்டவர் அல்லர். சட்ட நூலார், இறையியலார், மெய்யியலாரோடு மல்லாடியவர். ஆயினும் சொல்லையே முதலாகக் கொண்டு பெரும்புகழ் ஈட்டிய ஒருவர், புகழின் உச்சியில் நின்ற வேளையில் ஒருநாள் வாய் திறந்து பேச இயலாமற் போனார் என்பதும், அச்சொல்லைத் திரும்பப் பெற ஊரையும் பதவியையும் விட்டு வெளியேறினார் என்பதும், சொல்லோடு வாழும் நமக்கு அயலான செய்திகள் ஆகா. அந்த ஒரு நிகழ்ச்சியை நடுவில் நிறுத்தியே இக்கட்டுரையை எழுத முற்படுகிறேன்.

இன்றைய ஈரான் நாட்டின் வடகிழக்கே, மஷ்ஹத் நகருக்கு அணித்தாக உள்ளது தூஸ். அந்நாளில் அது குராஸான் பெருநிலத்தின் புகழ்மிக்க ஊர்களுள் ஒன்று. பாரசீகப் பெருங்காப்பியமாம் ஷாநாமாவை 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்த ஃபிர்தௌசி பிறந்த மண் அது. ஃபிர்தௌசி மறைந்தபோது அவர் உடலைப் பொது அடக்கவிடத்தில் புதைக்கலாகாது என்று அவ்வூர்ச் சமயப் போதகர் ஒருவர் தடுத்தார் என்றும், அதனால் கவிஞரின் சொந்தத் தோட்டத்திலேயே அவரை அடக்கம் செய்தனர் என்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டின் நிஜாமி அரூஸி எழுதி வைத்துள்ளார். கவிக்கும் சமய வல்லுநர்க்கும் இடையிலான உறவு அவ்வூரில் எவ்வாறிருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. ஃபிர்தௌசி மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டு சென்றபின், 1058ஆம் ஆண்டில் (ஹிஜ்ரி 450) அதே தூஸில் பிறந்தார் அபூ ஹாமித் முஹம்மத் இப்னு முஹம்மத் அல் கஸ்ஸாலி.

தந்தையார் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என்று மரபு கூறும். கஸ்ஸால் என்றால் நூற்பவர். அதனின்றே குடிப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். கஸாலா என்னும் சிற்றூரின் பெயரால் வந்தது என்பர் மற்றொரு சாரார். அவ்வாறாயின் ஸகரம் இரட்டியாது. தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாக இரட்டித்தே சொல்லி வருகின்றனர்; அதாவது நூற்பவரின் மகன் என்றே கொண்டுள்ளனர். எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது. தாம் கல்லாமற் போனதற்கு வருந்திய அத்தந்தை, இறக்குந் தறுவாயில் தம் சிறு சேமிப்பையும் இரு மைந்தரையும் ஸூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து, பணம் முழுவதும் செலவானாலும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்குமாறு வேண்டினாராம். பணம் தீர்ந்தது. நண்பரும் ஏழை. "மதரஸாவிற் சேர்ந்துவிடுங்கள், அங்கு உணவேனும் கிடைக்கும்" என்று அனுப்பி வைத்தார். வயிற்றுக்காகவே கல்வியைத் தேடிச் சென்றோம், ஆனால் கல்வி இறைவனையன்றிப் பிறிதொன்றுக்கு ஆட்பட மறுத்துவிட்டது என்ற கருத்தில் கஸ்ஸாலி பிற்காலத்தில் நினைவு கூர்ந்ததாகச் சொல்வர். தமையன் அபூ ஹாமித் உலகறிந்த இமாம் ஆனார். தம்பி அஹ்மத் என்ன ஆனார் என்பதைப் பின்னர்க் காண்போம். கவிஞர்களுக்கு அவரே நெருங்கியவர்.

இளமையில் ஜுர்ஜான் நகர் சென்று பயின்று, ஆசிரியர் உரைகளையெல்லாம் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில் கள்வர் மறித்தனர். கையிலிருந்த அனைத்தையும் பறித்துக்கொண்டனர். கஸ்ஸாலி அவர்கள் பின்னாலேயே ஓடினார். உயிர்மேல் ஆசையில்லையா என்று கள்வர் தலைவன் அதட்டவே, "ஏனையவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் குறிப்பேடுகளை மட்டும் கொடுத்துவிடுங்கள். அவற்றிலுள்ளதைக் கேட்டறியத்தான் ஊர்விட்டு ஊர் சென்றேன்" என்று இறைஞ்சினார். தலைவன் நகைத்தான். தாளைப் பறித்ததும் அறிவிலியாகிவிட்ட நீ எதைக் கற்றாய் என்று கேட்டு, ஏடுகளைத் திருப்பி எறிந்தான். அச்சொல் கள்வன் வாயிலாக இறைவன் தமக்கு உரைத்தது என்று கொண்ட கஸ்ஸாலி, தூஸ் திரும்பி மூன்றாண்டுகள் அமர்ந்து அத்தனையையும் நெட்டுருச் செய்தார். ஆசிரியர் பலரிடம் கற்றவருக்கு இப்படி ஒரு கள்வனும் ஆசிரியன் ஆனான்.

பின்னர் நிஷாப்பூர். அங்கே இமாமுல் ஹரமைன் என்று போற்றப்பெற்ற ஜுவைனி, அஷ்அரி இறையியலிலும் ஷாஃபிஈ சட்டத்திலும் தலைசிறந்து விளங்கினார். 1085ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது அவர்தம் மாணாக்கர் ஏறத்தாழ நானூற்றுவரும் எழுதுகோல்களையும் மைக்கூடுகளையும் உடைத்தெறிந்துவிட்டு ஓராண்டு துக்கம் காத்தனர் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். அம்மாணவருள் முதல்வராக இருந்தவர் கஸ்ஸாலி. ஆசிரியர் உயிரோடிருந்தபோதே அவர் நூல் எழுதிக் காட்டியதாகவும், அதைக் கண்ட ஜுவைனி, நான் சாகும்வரை பொறுத்திருக்கலாகாதா, உயிரோடே என்னைப் புதைத்துவிட்டாயே என்று கூறியதாகவும் ஒரு செவிவழிக் கதை உண்டு. பாராட்டோ பொறாமையோ, ஆசிரியர்க்கே தெரிந்திருக்கும்.

அக்காலத்தில் செல்ஜூக் பேரரசின் உண்மையான ஆட்சித்தலைவர் அமைச்சர் நிஜாமுல் முல்க். அவரும் தூஸ் நாட்டினரே. நகர்தோறும் நிஜாமிய்யா எனும் கல்விக்கூடங்களை நிறுவியவர். தம் அவையில் அறிஞரை வாதிடச் செய்து கேட்பதில் பெருவிருப்பினர். அவ்வாதங்களில் கஸ்ஸாலியை வெல்வார் இல்லாதாயிற்று. 1091ஆம் ஆண்டில், முப்பத்து மூன்றே வயதில், பக்தாத் நிஜாமிய்யாவின் பேராசிரியப் பதவி அவரை வந்தடைந்தது. முந்நூறு மாணவர் அவர்முன் அமர்ந்து பாடங்கேட்டனர். கலீஃபாவின் அரண்மனையிலும் சுல்தானின் அவையிலும் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. அறிவுலகில் இதற்குமேல் ஏற ஒரு படியும் இல்லை.

ஆனால் அவர் பதவியேற்ற மறு ஆண்டே, 1092 அக்டோபரில், நிஜாமுல் முல்க் கொலையுண்டார். அலமூத் கோட்டையைக் கைப்பற்றியிருந்த ஹசன் இப்னு ஸப்பாஹின் கூட்டத்தினன் ஒருவன் ஸூஃபி வேடத்தில் மனுக்கொடுப்பான் போல வந்து குத்திக் கொன்றான் என்பது பரவலான வரலாறு. அடுத்த திங்களிலேயே சுல்தான் மலிக் ஷாவும் மாண்டார். அரசுரிமைப் போர் மூண்டது. 1094இல் கலீஃபா முக்ததி இறந்து, இளைஞர் முஸ்தழ்ஹிர் பட்டமேறினார். அவருடைய வேண்டுகோளின்படி, அலமூத்தாரின் பாத்தினிக் கொள்கையை மறுத்து ஒரு நூல் எழுதினார் கஸ்ஸாலி. ஆட்சியாளர்க்கு எழுதுகோலால் ஆற்றிய தொண்டு அது. பின்னாளில் அவர் மனத்தை அரித்த செய்திகளுள் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

வெளியே இவ்வாறு அரசியல் புரண்டுகொண்டிருக்க, அவர் உள்ளத்தில் வேறொரு போர் நடந்துகொண்டிருந்தது. 'அல் முன்கிது மினள்ளலால்' எனப்படும் தன்வரலாற்று நூலில் அதனை அவரே விரித்துரைக்கிறார். தலைப்பின் பொருள் வழிதவறலினின்று மீட்பது என்பதாகும். ஐயமற அறிவது என்றால் என்ன என்று வினவிக்கொள்கிறார். கண்ணை நம்பலாமா? நிழல் நின்றிருப்பதாகக் கண் சொல்கிறது. சிறிது பொழுது கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. விண்மீன் ஒரு பொற்காசளவே தோன்றுகிறது. அது நிலவுலகினும் பெரிதெனக் கணிதம் காட்டுகிறது. புலன்களைப் பொய்யாக்க அறிவு வந்தது போல, அறிவையும் பொய்யாக்க அதற்கு மேலொன்று வாராது என்பதற்கு என்ன உறுதி? கனவு காண்பவன் கனவினுள் எதையும் ஐயுறுவதில்லை அல்லவா? இந்நோய் ஏறத்தாழ இரு திங்கள் நீடித்தது என்கிறார். வாதத்தினால் அது தீரவில்லை. இறைவன் நெஞ்சில் எறிந்த ஓர் ஒளியினால் தீர்ந்தது என்கிறார். பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்து 1641இல் வெளியிட்ட சிந்தனைகளோடு இப்பகுதியை ஒப்பிடுவது இக்கால வழக்கம். ஒப்புமை உண்மையே, ஆயின் ஐயத்திலிருந்து இருவரும் வெளியேறிய வாயில்கள் வெவ்வேறானவை.

பாடஞ்சொல்லியும் நூலெழுதியும் எஞ்சிய பொழுதில், ஆசிரியர் துணையின்றி, ஃபாராபி, இப்னு சீனா ஆகியோரின் மெய்யியல் நூல்களை ஈராண்டுக்குள் கற்றுத் தேர்ந்தார். ஒரு துறையை மறுப்பவன் அத்துறையில் வல்லவர்க்கு நிகராக அதை அறிந்திருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. முதலில் மெய்யியலாரின் கோட்பாடுகளைத் திரிபின்றி எடுத்துரைக்கும் 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா' வந்தது. 1095 தொடக்கத்தில் 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' நிறைவுற்றது. மெய்யியலாரின் நிலைகுலைவு என்று தமிழாக்கலாம். இருபது சிக்கல்களை எடுத்துக்கொண்டு, மெய்யியலார் தாமே வகுத்த தருக்க முறைப்படி அவர்தம் முடிவுகள் நிறுவப்படவில்லை என்று காட்டுகிறார்.

அவற்றுள் பதினேழாவது சிக்கல் உலகப் புகழ் பெற்றது. பஞ்சை நெருப்பில் இட்டால் எரிகிறது. நெருப்புத்தான் எரித்தது என்று எதைக்கொண்டு சொல்கிறோம்? இரண்டும் கூடியபோது எரிதல் நிகழக் கண்டோம். அதனால் எரிந்தது என்பதை யாரும் கண்டதில்லை. காரணம் என்றும் காரியம் என்றும் நாம் அழைப்பவற்றுக்கு இடையே கட்டாயமான பிணைப்பு இல்லை. இறைவனின் வழக்கமும், அவ்வழக்கத்தைப் பன்முறை கண்டு நாம் பெற்ற பழக்கமுமே உள்ளன. அறுநூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம், இறைவனை விடுத்து, ஏறத்தாழ இம்முடிவுக்கே வந்து சேர்ந்தார். நூற்புத் தொழிலாளியின் மகனுக்கு எடுத்துக்காட்டுத் தேவைப்பட்டபோது பஞ்சு வந்து வாய்த்ததே என்று நான் மகிழ்வதுண்டு. பஞ்சும் நெருப்பும் அவருக்கு முன்பே வாதிகள் வழங்கிய எடுத்துக்காட்டு என்று அறிஞர் திருத்துவர். திருத்தட்டும்.

எதிர்வாதத்தை அவர் எடுத்துரைக்கும் முறை சுவையானது. காரணப் பிணைப்பு இல்லையெனின், வீட்டில் வைத்துவிட்டு வந்த நூல் இந்நேரம் குதிரையாக மாறி நூலகத்தையே அசுத்தப்படுத்திக்கொண்டிருக்கும் என்றல்லவா அஞ்ச வேண்டும் என்று எதிராளி கேட்பதாக அவரே எழுதுகிறார். பிறகு அமைதியாக விடை சொல்கிறார்: அவ்வாறு நிகழ்தல் கூடும், ஆயின் நிகழாது என்னும் அறிவையும் இறைவன் நம்முள் படைத்திருக்கிறான். எதிரியின் படைக்கலத்தைத் தாமே தீட்டிக் கொடுத்துவிட்டுப் போரிடும் இந்நேர்மை வாதநூல்களில் அரிது.

அதே நூலின் முடிவில் உள்ள செய்தியை என்னால் மென்மையாகக் கூற இயலவில்லை. உலகம் தொடக்கமற்றது, இறைவன் பொதுவானவற்றை அறிவானேயன்றித் தனித்தனிப் பொருள்களை அவற்றின் தனித்தன்மையில் அறியான், உடலோடு மீண்டெழுதல் இல்லை என்னும் மூன்று கொள்கைகளை உடையோர் இறைமறுப்பாளர் என்றும், அவர்க்குரிய தண்டனை கொலை என்றும் தீர்ப்பளிக்கிறார். எஞ்சிய பதினேழையும் புதுமைப் பிழைகள் என்ற அளவில் விட்டுவிடுகிறார். பிற்கால நூலொன்றில், ஒருவரை இறைமறுப்பாளர் எனச் சாற்றுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளை அவரே வகுத்தார் என்பதும், அவசரப்பட்டுத் தீர்ப்புரைப்போரைக் கண்டித்தார் என்பதும் உண்மை. ஆனால் அம்மூன்றின்மேல் தந்த தீர்ப்பை மாற்றவில்லை. இருபது சிக்கல்களைத் தருக்கத்தால் வென்றவர்க்கு இறுதியில் வாளை ஏன் துணைக்கழைக்க வேண்டியதாயிற்று? அவரை நேசிப்போரும் இவ்வினாவைத் தாண்டிச் செல்லுதல் ஆகாது.

நூல் முடிந்து ஆறு திங்கள் சென்றன. 1095 ஜூலை. ஸூஃபிகளின் நூல்களைக் கற்றுக்கொண்டிருந்த கஸ்ஸாலிக்கு ஓர் உண்மை உறைத்தது. உடல்நலத்தின் இலக்கணத்தை அறிவது வேறு, நலமாயிருப்பது வேறு. போதை யாது என்று வரையறுக்கத் தெரிந்தவன் போதையில் இருப்பதில்லை; போதையுற்றவனுக்கு வரையறை தெரிவதில்லை. தாம் இதுகாறும் வரையறைகளையே சேர்த்து வைத்திருந்ததாக உணர்ந்தார். தம் ஆசிரியப் பணியின் நோக்கத்தைத் துருவிப் பார்த்தார். இறைவனுக்காக என்று எண்ணியிருந்தது பெயருக்காகவும் பெருமைக்காகவுமே என்று தெரிந்தது. இடிந்து சரியும் கரையின் விளிம்பில் நிற்பவராகத் தம்மைக் கண்டார். ஒரு நாள் புறப்படுவது என்று முடிவு செய்வார். மறுநாள் அம்முடிவு கலையும். ஒரு காலை முன்வைப்பார், மறுகாலைப் பின்னிழுப்பார். காலையில் மறுமை வேட்கை எழும். மாலையில் ஆசையின் படை வந்து அதனைச் சிதறடிக்கும்.

இவ்வாறு திங்கள்கள் உருண்டன. பிறகு தெரிவு அவர் கையை விட்டுப் போயிற்று. ஒருநாள் வகுப்பிற்கு வந்து அமர்ந்தார், நா அசையவில்லை. எதிரே காத்திருப்பவர் உள்ளம் குளிர ஒரே ஒரு பாடமேனும் சொல்ல வேண்டும் என்று முயன்றார். ஒரு சொல்லும் வரவில்லை. துயரம் நெஞ்சில் இறங்கிற்று. உணவு உள்ளே செல்லவில்லை. தண்ணீர்ப் பருகல் கூட அரிதாயிற்று. மருத்துவர் பார்த்துவிட்டு, இது உள்ளத்தில் தோன்றி உடலிற் பரவிய நோய், உள்ளத்துக் கவலை நீங்கினாலன்றி மருந்து பயன்படாது என்று கைவிட்டனர்.

இப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மேடையில் நிற்பவர்க்கும் அவையை எதிர்பார்த்து எழுதுபவர்க்கும் இதில் ஓர் அச்சம் உண்டு. கஸ்ஸாலிக்குச் சொல் வற்றவில்லை. அவர் எழுதியவற்றுட் பெரியவை இனித்தான் வரவிருந்தன. வற்றியது அவைக்காகப் பேசும் சொல் மட்டுமே. அதை நோய் என்பதா, நாவின் மறியல் என்பதா?

அவர் வெளியேறியதற்கு வேறு காரணங்கள் கற்பிப்போரும் உளர். அலமூத்தாரின் கத்திக்கு அஞ்சினார் என்பர் சிலர்; அவர்களுக்கு எதிராக நூலெழுதியவர் ஆதலின் இது முற்றும் பொருந்தாத கூற்றன்று. அரசுரிமைப் போரில் தம் நிலை ஆட்டங்கண்டதால் விலகினார் என்பர் வேறு சிலர். இவை உண்மையாகவும் இருக்கலாம். அச்சம் கொண்ட மனிதனுக்கு உண்மை தோன்றலாகாது என்று விதியில்லையே. ஆனால் அச்சத்தினால் ஓடியவன் அலைகள் அடங்கியதும் பதவிக்குத் திரும்பியிருப்பான். கஸ்ஸாலி பதினோராண்டு காலம் திரும்பவில்லை.

1095 நவம்பரில் ஹஜ்ஜுக்குச் செல்வதாகச் சொல்லிப் பக்தாதை விட்டார். உண்மை நோக்கத்தைச் சொன்னால் கலீஃபாவும் நண்பரும் தடுப்பர் என்று மறைத்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். மக்களின் வாழ்வுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்தார். நிஜாமிய்யாவில் அவர் இடத்திலிருந்து பாடஞ்சொல்லத் தம்பி அஹ்மத் அமர்ந்தார். திமிஷ்க் நகரின் உமய்யாப் பெரும்பள்ளிவாசல் மினாரில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகலெல்லாம் தனித்திருந்தார். பின்னர் ஜெரூசலம் சென்று பாறைக் குவிமாடத்தில் அவ்வாறே தனித்திருந்தார். ஹெப்ரோனில் இப்ராஹீம் நபியின் அடக்கவிடத்தில் நின்று மூன்று சூள் உரைத்ததாகப் பின்னாளில் பாரசீக மொழியில் எழுதிய கடிதமொன்றில் குறிப்பிடுகிறார்: அரசர் அவைக்குச் செல்வதில்லை, அரசர் பணத்தைப் பெறுவதில்லை, அவையில் வாதப்போர் புரிவதில்லை. அங்கிருந்து மக்கா, மதீனா. பின்னர் மக்களின் நினைவு ஈர்க்க, பக்தாத் வழியாகத் தூஸ் திரும்பினார். துறவியையும் குடும்பம் இழுத்தது என்பதை மறைக்காமல் எழுதியிருப்பது அவர்பால் நம் மதிப்பை உயர்த்துகிறது.

அவர் ஜெரூசலத்தைக் கண்டு மூன்றாண்டு கடந்து, 1099 ஜூலையில் அந்நகர் சிலுவைப் போர்ப் படையிடம் வீழ்ந்தது. மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். கஸ்ஸாலியின் நூல்களில் இதுபற்றிப் பேச்சே இல்லை. இம்மௌனத்தைக் குறை கூறுவோர் இன்றும் உளர். குராஸானிலிருந்து பார்க்கையில் அது தொலைவிலுள்ள எல்லைப் பூசலாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும் அப்பாறைக் குவிமாடத்தில் அமர்ந்திருந்தவர் அவர். இதற்கு நிறைவான விடை என்னிடம் இல்லை.

அலைந்து திரிந்த இவ்வாண்டுகளில் உருவானதே 'இஹ்யா உலூமித்தீன்'. சமய அறிவுகளுக்கு மீண்டும் உயிரூட்டல் என்பது பொருள். நாற்பது படலங்கள், பப்பத்தாக நான்கு பகுதிகள். வழிபாடு, அன்றாட வாழ்க்கை, அழிவில் வீழ்த்தும் குணங்கள், உய்விக்கும் குணங்கள். உண்ணும் முறையிலிருந்து சாவை நினைத்தல் வரை அதில் இல்லாத பொருள் இல்லை. கற்றவரின் பொறாமை, தற்பெருமை, வெளிப்பகட்டு ஆகியவற்றை அவர் அறுத்துக் காட்டும் பக்கங்களில் அவர் விவரிக்கும் நோயாளி யார் என்று நமக்குத் தெரியும். முதற் படலத்திலேயே ஓர் இடி உண்டு. எத்தனையோ ஊர்களில் முஸ்லிமல்லாத மருத்துவரைத் தவிர வேறு மருத்துவர் இல்லை. மருத்துவம் கற்பது சமுதாயத்தின் மேல் கடமை. இருந்தும் எல்லாரும் சட்டக் கல்விக்கே முண்டியடிப்பது ஏன்? அறக்கொடைகளை ஆளவும், நீதிபதிப் பதவி பெறவும், அண்டை அயலாரை விஞ்சவும் மருத்துவம் உதவாது என்பதனால் தானே என்று கேட்கிறார். பெண்கள் இல்லத்துள் அடங்கியிருத்தல் பற்றி அதே நூல் கூறுவனவற்றை இன்று யாரும் அப்படியே ஏற்க மாட்டார். பெரிய நூல், தன் காலத்தின் கறைகளும் அதிலுண்டு.

பாவலர்க்கு உரியது பதினெட்டாம் படலம். இசை கேட்டலும் அதனால் எழும் உள்ளக்கிளர்ச்சியும் அதன் பொருள். இசையும் பாட்டும் தம்மளவில் விலக்கப்பட்டவை அல்ல என்பதே அவர் முடிவு. கேட்பவன் நெஞ்சில் என்ன உள்ளதோ அதையே இசை கிளறிவிடுகிறது. ஆகவே தீர்ப்பு, கேட்கும் நெஞ்சைப் பொறுத்தது. சில கருவிகளையும் சில சூழல்களையும் விலக்கவே செய்கிறார். எனினும் ஃபிர்தௌசிக்கு அடக்கவிடம் மறுத்த ஊரிலிருந்து இம்மட்டில் ஒரு குரல் எழுந்ததே பெரிது. அப்படலத்தில் வரும் கதையொன்றை இங்குச் சுருக்கித் தருகிறேன்.

பாலைவழிச் சென்ற ஒருவர் ஒரு கூடாரத்தில் விருந்தினராகத் தங்கினார். வாயிலில் ஒட்டகங்கள் பல இறந்து கிடந்தன. உள்ளே விலங்கிடப்பட்ட அடிமை ஒருவன், தனக்காக எசமானிடம் பரிந்து பேசுமாறு வேண்டினான். அவனை விடுவித்தாலன்றி உண்ணேன் என்றார் விருந்தினர். "இவன் என்னை ஓட்டாண்டி ஆக்கிவிட்டான்" என்றார் எசமானர். "இவ்வொட்டகங்களின் கூலியில் வாழ்ந்தேன். இவனுக்கு இனிய குரல். பெருஞ்சுமை ஏற்றிவிட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினான். அப்பாட்டில் மயங்கி அவை மூன்று நாள் வழியை ஒரே இரவில் கடந்தன. சுமையை இறக்கியதும் ஒன்றைத் தவிர எல்லாம் செத்து வீழ்ந்தன. ஆயினும் நீர் விருந்தினர். இவனை உமக்கே தந்தேன்." மறுநாள் விருந்தினர் அக்குரலைக் கேட்க விரும்பினார். கிணற்றில் நீரிறைத்துக்கொண்டிருந்த ஒட்டகத்தை நோக்கி அவன் குரலெடுத்தான். ஒட்டகம் கயிறுகளை அறுத்துக்கொண்டு ஓடிற்று. விருந்தினர் முகங்குப்புற வீழ்ந்தார்.

விலங்குக்கும் உண்டான உணர்ச்சி மனிதனுக்கு இல்லையாயின் அவன் குறையுடையவன் என்று காட்டவே கஸ்ஸாலி இக்கதையைக் கூறுகிறார். எனக்கோ அந்தச் செத்த ஒட்டகங்களே கண்முன் நிற்கின்றன. பாட்டு சுமையைக் குறைப்பதில்லை, மறக்கச் செய்கிறது என்பதை அவை அறியவில்லை.

அரபு மொழியில் இஹ்யாவை எழுதியவர், அதன் சாரத்தைத் தம் தாய்மொழியாம் பாரசீகத்தில் 'கீமியாயே ஸஆதத்' என்ற பெயரில் தந்தார். பேரின்ப ரசவாதம் என்று கூறலாம். மொழிபெயர்ப்பு என்று சொல்ல இயலாது. வாதங்களைச் சுருக்கி, உவமைகளைப் பெருக்கி, அரபு கல்லாத பொதுமக்களுக்கென்றே எளிமையாக எழுதினார். அறிஞர் மதிக்கும் மொழியில் உச்சம் தொட்டவர், அடுத்த வீட்டார் பேசும் மொழிக்கு இறங்கி வந்து எழுதியது அக்காலத்தில் சிறு செயலன்று. பாரசீக உரைநடையின் சிறந்த நூல்களுள் ஒன்றாக அது இன்றும் எண்ணப்படுகிறது.

1106ஆம் ஆண்டில் நிஜாமுல் முல்க்கின் மகன் ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் நிஷாப்பூர் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடஞ்சொல்ல இசைந்தார். சூள் என்னாயிற்று என்று அன்றே பலர் கேட்டனர். நூற்றாண்டுதோறும் சமயத்தைப் புதுப்பிக்க ஒருவர் தோன்றுவார் என்னும் நபிமொழியும், ஹிஜ்ரி ஐந்நூறு பிறந்ததும் தம்மைத் தூண்டின என்கிறார் அவர். முன்பு பெருமையைத் தரும் அறிவைக் கற்பித்தேன், இப்போது பெருமையைத் துறக்கச் செய்யும் அறிவைக் கற்பிக்கிறேன் என்பது அவர் தரும் விளக்கம். நம்புவதா என்பது படிப்பவர் விருப்பம். அதே ஆண்டில் ஃபக்ருல் முல்க்கும் தந்தையைப் போலவே கொலையுண்டார். சில ஆண்டுகளில் கஸ்ஸாலி தூஸுக்கே திரும்பிவிட்டார். 1110இல் பக்தாத் பதவி மீண்டும் தேடி வந்தபோது, தூஸில் தம்மை நம்பியுள்ள மாணவர் நூற்றைம்பதின்மரையும், குடும்பத்தையும், ஹெப்ரோனில் உரைத்த சூளையும் காட்டி மறுத்துவிட்டார்.

1111 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை வைகறையில் அவர் இறந்தார். அதனைச் சொன்னவர் தம்பி அஹ்மத். எழுந்து தூய்மை செய்து தொழுதார். சவத்துணியைக் கொண்டுவரச் சொல்லி முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அரசனிடம் செல்ல இசைந்தேன் என்ற பொருள்படக் கூறிக் கால்களை நீட்டிப் படுத்தார். பொழுது புலருமுன் உயிர் நீங்கிற்று. ஐம்பத்து மூன்று வயது. சாதலுக்குச் சில நாள் முன்னரே அவர் முடித்த கடைசி நூல், பொதுமக்களை இறையியல் வாதங்களில் இறங்காமல் தடுத்துக் காக்க வேண்டும் என்பது பற்றியது. வாதத்தினாலேயே உயர்ந்தவர் எழுதிய கடைசிச் சொல் அது.

அத்தம்பியைப் பற்றி இங்குச் சொல்ல வேண்டும். அஹ்மத் கஸ்ஸாலி பாரசீக மொழியில் 'ஸவானிஹ்' என்னும் சிறுநூலை எழுதினார். காதலைப் பற்றி, காதலின் பொருட்டே எழுந்த நூல் அது. இடையிடையே பாடல்கள் விரவிய குறுங்கட்டுரைகள். பின்வந்த பாரசீகக் காதல் இலக்கியமும் ஸூஃபிக் கவிதையும் அதனிடம் பெருங்கடன் பட்டவை. ஹமதானைச் சேர்ந்த ஐனுல் குழாத் என்னும் இளைஞர், தமையனின் நூல்களால் ஐயம் தீர்ந்து, தம்பியின் நேரடித் தொடர்பால் உள்ளொளி பெற்று, 1131இல் கொள்கைக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வீட்டில் ஒருவர் தீர்ப்பு எழுதினார்; மற்றவரின் மாணவர் அத்தகைய தீர்ப்பொன்றுக்கே இரையானார்.

கஸ்ஸாலியின் நூல்கள் அவரைவிட விந்தையான பயணம் செய்தன. 1109இல், அவர் உயிரோடிருந்தபோதே, ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில் இஹ்யா நெருப்பிலிடப்பட்டது. சட்ட அறிஞரைச் சாடியதற்கு அந்நாட்டுச் சட்ட அறிஞர் தந்த விடை. தொலேதோ நகரில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் மகாஸித் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. மறுப்பதற்காகவே இவற்றை எடுத்துரைக்கிறேன் என்று கூறும் முன்னுரை பெரும்பாலான படிகளில் விடுபட்டுவிட்டது. ஆகவே அல்கஸெல் என்பவர் இப்னு சீனாவின் உண்மைச் சீடர் என்றே ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். வாழ்நாளெல்லாம் யாரை மறுத்தாரோ அவருடைய மாணவராகவே வேற்று மொழியில் வாழ நேர்ந்தது. முன்னுரையைத் தாண்டிச் சென்று படிப்போர் இதை நினைவிற் கொள்வது நல்லது.

அதே குர்துபாவில் 1126இல் பிறந்த இப்னு ருஷ்து, 1180ஐ ஒட்டி 'தஹாஃபுத்துத் தஹாஃபுத்' எழுதினார்; நிலைகுலைவின் நிலைகுலைவு. வரிக்கு வரி மேற்கோள் காட்டி மறுக்கும் அந்நூலில், காரணங்களை மறுப்பவன் அறிவையே மறுத்தவன் ஆகிறான் என்பது அவர் வாதத்தின் முதுகெலும்பு. கஸ்ஸாலி ஒவ்வோர் அவையிலும் ஒவ்வொரு வேடம் பூண்டார் என்று வேறொரு நூலில் அவர் கடிந்ததும் உண்டு. 1195இல் இப்னு ருஷ்துவும் நாடு கடத்தப்பட்டார். அவர்தம் மெய்யியல் நூல்களும் எரிக்கப்பட்டன. மறுத்தவர் நூலும் மறுக்கப்பட்டவர் நூலும் ஒரே நாட்டில் சாம்பலாயின.

இஸ்லாமிய உலகில் அறிவியலைக் கொன்றவர் கஸ்ஸாலி என்னும் குற்றச்சாட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் ஓங்கி ஒலித்தது. பள்ளிப் பாடம் போல அதனைத் திருப்பிச் சொல்வோர் இன்றும் பலர். கணக்கும் வானியலும் ஐயத்திற்கிடமற்றவை, கிரகணக் கணிப்பை மறுத்துச் சமயத்தைக் காப்பதாக எண்ணுபவன் சமயத்திற்குத் தீங்கே செய்கிறான் என்று எழுதியவர் அவர். அவர்க்குப் பின்னரே 1206இல் ஜஸரியின் பொறியியல் நூல் வந்தது. இதயத்திலிருந்து நுரையீரல் வழிச் செல்லும் குருதியோட்டத்தை 1288இல் இறந்த இப்னு நஃபீஸ் விளக்கினார். 1259இல் மராகா வானாய்வகத்தை நிறுவிய நஸீருத்தீன் பிறந்ததும் அதே தூஸில்தான். கஸ்ஸாலி தாழிட்டுக்கொண்டு அமர்ந்திருந்த அதே திமிஷ்குப் பள்ளிவாசலின் நேரக்கணிப்பாளர் இப்னு ஷாத்திர், 1371இல் அதன் மினார் ஒன்றில் நுட்பமான சூரியக் கடிகாரத்தை அமைத்தார். ஒரு நூல் ஒரு நாகரிகத்தை வீழ்த்தும் என்று நம்புவது எழுத்தாளர்க்கு இனிமையானதே. வரலாறு அதற்கு இடந்தருவதில்லை. மெய்யியலுக்கு அவர் இழைத்த தீங்கு அந்த மூன்று கொள்கைகளின் மேலான தீர்ப்பு. அதன் அளவில் அது போதிய தீங்கே.

நம் கரைக்கு அவர் எவ்வழியில் வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ வழியினர். அவ்வழியில் கஸ்ஸாலி எழுதிய 'அல் வஜீஸ்' என்னும் சுருக்க நூலை அடியொற்றி ராஃபிஈயின் நூல் எழுந்தது. அதனைச் சுருக்கி, பதின்மூன்றாம் நூற்றாண்டில் நவவி 'மின்ஹாஜ்' செய்தார். மின்ஹாஜும் அதன் உரைகளும் ஷாஃபிஈ மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடமாயின. இஹ்யாவின் பகுதிகள் அச்சேறித் தமிழில் நூல்களாக வந்தது மிகப் பிற்காலத்தில். ஆக, எல்லாரும் சட்டக் கல்விக்கே முண்டியடிக்கிறார்களே என்று நொந்து எழுதியவர், நம் ஊர்களுக்கு முதலில் வந்து சேர்ந்தது சட்ட ஆசிரியராகத்தான்.